கட்டளை வரியிலிருந்து திரை வெளிச்சம்: ஒரு கோப்பில் எழுதப்படும் எண்

மடிக்கணினியின் விசைப்பலகையில் சூரியன் படம் போட்ட இரண்டு விசைகள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் திரை மங்கும், மற்றொன்றை அழுத்தினால் பிரகாசிக்கும். பெரும்பாலோர் அதற்கு மேல் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் வருவதில்லை. ஆனால் லினக்ஸை நிறுவிய பிறகு அந்த விசைகள் வேலை செய்யாமல் போவதும், ஐ3, ஸ்வே போன்ற எளிய சாளர மேலாளர்களைப் பயன்படுத்துவோருக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையே திரையில் இல்லாமல் இருப்பதும், வரைகலை இடைமுகம் எதுவும் இல்லாத வெறும் முனையத்தில் உட்கார்ந்து வேலை செய்ய நேர்வதும் அடிக்கடி நடக்கக்கூடியவை. அப்போது கட்டளை வரியிலிருந்தே வெளிச்சத்தை மாற்ற முடியுமா என்ற கேள்வி எழுகிறது. முடியும். லினக்ஸைப் பொறுத்தவரை அது ஒரு கோப்பில் ஓர் எண்ணை எழுதும் வேலை, அவ்வளவுதான். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அந்த எண்ணுக்கு என்ன பொருள், எழுதப் போனால் ஏன் அனுமதி மறுக்கப்படுகிறது என்பவை புரிந்துவிட்டால், இணையத்தில் கிடைக்கும் விதவிதமான கட்டளைகளில் எது தம் கணினிக்குப் பொருந்தும் என்பதை யாரும் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும்.

திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு

கட்டளைகளுக்குப் போகும் முன் திரையின் அமைப்பைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. எல்சிடி திரையில் உள்ள படப்புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. அவை பின்னாலிருந்து வரும் ஒளியை எந்த அளவுக்கு வெளியே விடலாம், எந்த அளவுக்குத் தடுக்கலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றன. ஒளியைத் தருவது திரைக்குப் பின்னால் இருக்கும் தனி விளக்கு. அதைப் பின்னொளி என்கிறோம். பழைய மடிக்கணினிகளில் இந்த வேலையை மெல்லிய ஒளிர்குழல் ஒன்று செய்தது. இன்றைய எல்சிடி மடிக்கணினிகளில் எல்இடி விளக்குகள் செய்கின்றன. ஆகவே திரை வெளிச்சத்தை மாற்றுதல் என்பது, முறையாகச் சொன்னால், இந்த விளக்கின் ஒளியை மாற்றுதலே ஆகும். படப்புள்ளிகளுக்கு அதில் பங்கு இல்லை.

எல்இடி விளக்கின் ஒளியைக் குறைக்கப் பரவலாகக் கையாளப்படும் முறை துடிப்பு அகலப் பண்பேற்றம் எனப்படுகிறது. விளக்கை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான முறை அணைத்து எரியவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு எரியும் நேரம் எவ்வளவு, அணைந்திருக்கும் நேரம் எவ்வளவு என்ற விகிதத்தைக் கண் சராசரி வெளிச்சமாக உணர்ந்துகொள்கிறது. பாதி நேரம் எரிந்தால் பாதி ஒளி, கால் பங்கு நேரம் எரிந்தால் கால் பங்கு ஒளி. இந்தத் துடிப்பின் வேகம் நொடிக்கு 200 சுற்றுகள் போலக் குறைவாக இருக்கும் திரைகளில், வெளிச்சத்தை மிகவும் குறைத்து வைத்தால் சிலருக்குக் கண் வலியும் தலைவலியும் வருவதுண்டு. வெளிச்சத்தைக் குறைத்தால் கண்ணுக்கு இதம் என்று நினைத்துக் குறைத்தவர்களுக்கு நேர்மாறான பலன் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்பு எங்கே இருக்கிறது

லினக்ஸில் வன்பொருள்களும் கோப்புகளைப் போலவே காட்சி தருகின்றன. மூல அடைவின் கீழே சிஸ் என்ற பெயரில் ஓர் அடைவு உண்டு. அதற்குள் இருக்கும் கோப்புகள் வட்டில் எழுதப்பட்டவை அல்ல. ஒரு கோப்பை நாம் படிக்கும்போது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அந்த நொடியில் வன்பொருளின் நிலையை விசாரித்துப் பதிலை எழுத்தாகத் தருகிறது. அதில் எதையாவது எழுதினால், எழுதியதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு வன்பொருளிடம் சேர்க்கிறது. அந்த அடைவில் உள்ள கோப்புகளை விரிவாகப் பட்டியலிட்டால் பெரும்பாலும் எல்லாமே ஒரே அளவாக 4096 பைட்டுகள் என்று காட்டும். உள்ளே இருப்பது இரண்டு மூன்று இலக்க எண்ணாக இருந்தாலும் அந்த அளவு மாறாது. அது கோப்பின் உண்மையான அளவு அன்று, கெர்னல் ஒதுக்கிக் காட்டும் ஒரு நினைவகப் பக்கத்தின் அளவு.

பின்னொளிக்கான கோப்புகள் சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் பேக்லைட் என்ற அடைவில் இருக்கின்றன. முனையத்தைத் திறந்து சிடி கட்டளையால் அந்த அடைவுக்குச் சென்று எல்எஸ் கட்டளையை இட்டால், இன்டெல் வரைகலை உள்ள கணினியில் இன்டெல் பேக்லைட் என்ற பெயரும், ஏஎம்டி வரைகலை உள்ள கணினியில் ஏஎம்டிஜிபியு பிஎல் என்று தொடங்கி 0 அல்லது 1 என்ற எண்ணில் முடியும் பெயரும் காணப்படும். சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு இருக்கும். அதையும் திறந்து உள்ளே சென்றால், பிரைட்நெஸ், மேக்ஸ் பிரைட்நெஸ், ஆக்சுவல் பிரைட்நெஸ், பிஎல் பவர், டைப் முதலிய சில கோப்புகள் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது மேக்ஸ் பிரைட்நெஸ். கேட் என்ற கட்டளையைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு இந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஓர் எண் வரும். அது 100 என்றோ 255 என்றோ இருக்கலாம். 96000 என்றும் இருக்கலாம். 19393 போன்ற விசித்திரமான எண்ணாகவும் இருக்கலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். இந்த எண்ணுக்கு உலகப் பொதுவான அலகு எதுவும் கிடையாது. இன்டெல் கணினிகளில் இது பெரும்பாலும் முன்னே சொன்ன துடிப்பின் ஒரு முழுச் சுற்று எத்தனை சிறு கூறுகளாக வரைகலைச் சில்லுக்குள் எண்ணப்படுகிறது என்பதிலிருந்து வருகிறது; ஆகவே துடிப்பு வேகத்தைக் கணினித் தயாரிப்பாளர் எப்படி அமைத்தாரோ அதற்கேற்ப எண்ணும் கணினிக்குக் கணினி மாறும். ஒருவரின் கணினியில் 500 என்பது கண்ணைக் கூசும் உச்ச வெளிச்சமாகவும், வேறொருவரின் கணினியில் அதே 500 இருட்டுக்கு மிக அருகிலும் இருக்கக் காரணம் இதுவே. வேறொருவர் தந்த எண்ணை அப்படியே எடுத்து இடுவது பயன்படாது. உச்ச எண்ணைப் பார்த்து நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

உதாரணமாக, மேக்ஸ் பிரைட்நெஸ் கோப்பில் 96000 என்றும் பிரைட்நெஸ் கோப்பில் 24000 என்றும் இருந்தால், திரை இப்போது உச்ச அளவில் 25 சதவீதத்தில் இருக்கிறது. அதை 50 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டுமானால் பிரைட்நெஸ் கோப்பில் 48000 என்று எழுத வேண்டும். ஆக்சுவல் பிரைட்நெஸ் என்ற கோப்பு படிப்பதற்கு மட்டுமே உரியது. நாம் கேட்டது பிரைட்நெஸ் கோப்பிலும், வன்பொருள் இப்போது தருவதாகச் சொல்வது ஆக்சுவல் பிரைட்நெஸ் கோப்பிலும் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மாறியிருந்தால், நமக்கும் விளக்குக்கும் இடையே வேறு ஏதோ தலையிடுகிறது என்று பொருளாக இருக்கலாம். பிரச்சினை வரும்போது துப்புத் துலக்க இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

அனுமதி மறுக்கப்படும் இடம்

கோப்பில் எழுத எக்கோ கட்டளை போதும். எக்கோ என்று எழுதி, 48000 என்ற எண்ணைக் கொடுத்து, அதன்பின் வலப்பக்கம் கூர்முனை கொண்ட > குறியை இட்டு, கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். எக்கோ அந்த எண்ணை வெளியிடுகிறது. > குறி அதைத் திரைக்கு அனுப்பாமல் கோப்புக்குள் திருப்பிவிடுகிறது. ஆனால் இப்படிச் செய்தவுடன் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்திதான் வரும். அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட் எனப்படும் தலைமை நிர்வாகி. மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது.

அப்படியானால், ஒரு கட்டளையை ரூட் அனுமதியில் ஓட்டும் சூடோ என்ற கட்டளையை முன்னால் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். சூடோ எக்கோ என்று தொடங்கி, மீதியை முன்போலவே எழுதி, கடவுச்சொல்லையும் கொடுத்த பிறகும் அதே மறுப்புச் செய்தி வருவதைப் பார்த்துக் கணினியையே சந்தேகிக்கத் தொடங்குகிறவர்கள் பலர். இங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளை வரியை முதலில் வாசிப்பது ஷெல் என்ற நிரல். அது நம்முடைய சாதாரண அனுமதியில் ஓடுகிறது. > குறியைக் கண்டவுடன், கட்டளையை ஓட்டும் முன்பாகவே, அந்தக் கோப்பை எழுதுவதற்காகத் திறக்க முயல்வது இந்த ஷெல்தான். சூடோ தரும் அதிகாரம் எக்கோ கட்டளைக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது. கோப்பைத் திறக்கும் வேலையோ எக்கோவுடையது அல்ல. அதிகாரம் தேவையில்லாத வேலைக்கு அதிகாரம் கிடைக்கிறது, தேவையான வேலைக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு வழக்கமான தீர்வு டீ என்ற கட்டளை. தனக்கு வரும் எழுத்தைத் திரையிலும் காட்டி, சொல்லப்பட்ட கோப்பிலும் எழுதும் சிறு நிரல் அது. எக்கோ 48000 என்று எழுதி, செங்குத்துக் கோடான | குறியை இட்டு, அதன்பின் சூடோ டீ பிரைட்நெஸ் என்று எழுதினால், எண் குழாய் வழியாக டீக்குச் செல்கிறது. கோப்பைத் திறப்பது இப்போது டீ, அது ஓடுவது ரூட் அனுமதியில். விசையைத் தட்டியவுடன் திரை வெளிச்சம் மாறும். கோப்பு சேமிக்கும் சடங்கோ மறுதொடக்கமோ எதுவும் தேவையில்லை. முழுப் பாதையையும் கொடுத்தால் எந்த அடைவில் இருந்தும் இதே கட்டளை வேலை செய்யும். என் கருத்தில், வேறு எந்த வசதியான கருவியை நிறுவுவதற்கும் முன்பு இந்த ஒரு வரியைக் கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. இது வேலை செய்தால் வன்பொருளும், அதைக் கெர்னலோடு இணைக்கும் நிரலான இயக்கியும் சரியாக இருக்கின்றன என்பது உறுதியாகிவிடும், அதன்பின் வரும் கோளாறு எதுவானாலும் மேல்மட்டத்தில்தான் இருக்க முடியும்.

ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கிறதே என்று சலித்து, அந்தக் கோப்பின் அனுமதியைச் சிஎச்மோட் கட்டளையால் எல்லோருக்கும் திறந்துவிடுபவர்களும் உண்டு. அது அன்றைக்கு வேலை செய்யும். கணினியை மறுதொடக்கம் செய்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கோப்பு வட்டிலேயே இல்லாதபோது அதன் அனுமதி மட்டும் எங்கே தங்கும்? ஒவ்வொரு தொடக்கத்திலும் கெர்னல் இந்தக் கோப்புகளைப் புதிதாகவே உருவாக்குகிறது. நிரந்தரமாக வேண்டுமானால், யூடெவ் என்ற சாதன மேலாளருக்கு ஒரு விதி எழுதி, பின்னொளிச் சாதனம் தோன்றும்போதெல்லாம் அந்தக் கோப்பை வீடியோ என்ற குழுவுக்கு உரியதாக மாற்றி, அக்குழுவுக்கு எழுதும் அனுமதி தரச்சொல்லி, நம் பயனர் கணக்கையும் அக்குழுவில் சேர்க்க வேண்டும்.

பூச்சியமும் கண்ணும்

எழுதக்கூடிய எண்ணுக்கு எல்லைகள் உண்டு. உச்ச எண்ணைவிடப் பெரிய எண்ணை எழுதினால் கெர்னல் அதை ஏற்காது, செல்லாத மதிப்பு என்று திருப்பிவிடும். கணினிக்கு எந்தத் தீங்கும் நேராது. கீழெல்லையில்தான் கவனம் தேவை. பிரைட்நெஸ் கோப்பில் 0 எழுதினால் சில கணினிகளில் மிகக் குறைந்த வெளிச்சம் மிஞ்சும், சிலவற்றில் விளக்கே அணைந்து திரை முழு இருட்டாகிவிடும். அப்படி இருண்டாலும் முனையம் அங்கேயேதான் இருக்கிறது. விசைப்பலகையின் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தேவையான முறை அழுத்தி முந்தைய கட்டளையை வரவழைத்து நுழைவு விசையைத் தட்டினால், எதையும் பார்க்காமலேயே வெளிச்சத்தை மீட்டுவிடலாம். அதனால் 0 எழுதிச் சோதிக்க விரும்புகிறவர்கள், அதற்குச் சற்று முன்பாகப் பாதுகாப்பான எண் ஒன்றை எழுதிவைத்துவிட்டுச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

எண் சீராகக் கூடினாலும் கண்ணுக்கு வெளிச்சம் சீராகக் கூடுவதாகத் தெரியாது என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும். மனிதக் கண் ஒளியின் அளவைவிட அதன் விகிதத்தையே அதிகம் உணர்கிறது. 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குப் போனால் ஒளி இரண்டு மடங்காகிறது, கண்ணுக்கு அது பெரிய தாவலாகத் தெரிகிறது. 90 சதவீதத்திலிருந்து 95க்குப் போனால் ஏறக்குறைய ஒன்றுமே தெரிவதில்லை. இரண்டு இடத்திலும் கூட்டியது அதே 5 சதவீதம்தான். ஆகவே வெளிச்ச விசைக்கு நாமே ஒரு சிறு நிரல் எழுதுவதானால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதைவிட இப்போதைய மதிப்பை ஒன்றேகால் மடங்கு போன்ற ஒரே விகிதத்தால் பெருக்குவது கண்ணுக்கு இயல்பாக இருக்கும். இரவில் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும், ஏனென்றால் அவர்கள் வாழ்வது வெளிச்ச அளவின் கீழ்ப்பகுதியில்.

ஆயத்தக் கருவிகள்

நாள்தோறும் பயன்படுத்த எண்களைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்காக எழுதப்பட்ட சிறு கருவிகளில் இன்று முதலில் பரிந்துரைக்கத் தக்கது பிரைட்நெஸ்சிடிஎல். அதன் பெயருக்குப் பின் செட் என்ற சொல்லையும் 50% என்ற மதிப்பையும் கொடுத்தால் திரை பாதி அளவுக்கு வரும். +10% என்று கொடுத்தால் பத்துச் சதவீதம் கூடும். 10%- என்று கழித்தல் குறியைக் கடைசியில் இட்டால் பத்துச் சதவீதம் குறையும். கழித்தல் குறி பின்னால் வருவதற்குக் காரணம், முன்னால் வந்தால் ஷெல் கட்டளைகளின் வழக்கப்படி அது ஒரு விருப்பத் தேர்வாகப் படிக்கப்பட்டுவிடும் என்பதே. கோப்பில் நாம் செய்த அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. உச்ச எண்ணைப் படித்து, சதவீதத்தை எண்ணாக மாற்றி எழுதுகிறது.

ஆனால் பலருடைய கணினியில் இது சூடோ இல்லாமலேயே வேலை செய்வதைப் பார்க்கலாம். பல லினக்ஸ் கணினிகளில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொகுப்பில் லாகின்டி என்ற சேவை ஒன்று உண்டு. கணினியின் முன் உட்கார்ந்து உள்நுழைந்திருப்பவர் யார் என்பதைக் கண்காணிப்பது அதன் பணி. 2019இல் வெளிவந்த சிஸ்டம்டி 243ஆம் பதிப்பிலிருந்து, அந்த அமர்வுக்கு உரிய பயனர் கேட்டுக்கொண்டால் வெளிச்சத்தை அவர் சார்பில் மாற்றித்தரும் வசதி அதில் இருக்கிறது. நேராகக் கோப்பில் எழுத அனுமதி இல்லாதபோது பிரைட்நெஸ்சிடிஎல் இந்தச் சேவையிடம் கேட்கும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். கணினியின் முன் இருப்பவருக்குத் தன் திரையின் வெளிச்சத்தை மாற்றும் உரிமை இருக்க வேண்டும், ஆனால் அதற்காக அவருக்கு முழு நிர்வாக அதிகாரம் தர வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாடு, யூடெவ் விதி எழுதுவதைவிடச் சுத்தமானது என்றே சொல்வேன்.

கருவி வேலை செய்வது உறுதியானபின், ஐ3 அல்லது ஸ்வேயின் அமைவுக் கோப்பில் சூரியன் விசைகளோடு அதை இணைத்துவிடலாம். எக்ஸ்எஃப்86 மான் பிரைட்நெஸ் அப், எக்ஸ்எஃப்86 மான் பிரைட்நெஸ் டவுன் என்பவை அந்த விசைகளின் பெயர்கள். அமைவுக் கோப்பில் பெயரை இடைவெளியின்றி, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வரவேண்டிய இடத்தில் வரும்படி எழுத வேண்டும்.

பழைய வழிகாட்டிகளில் எக்ஸ்பேக்லைட் என்ற கருவியின் பெயர் அடிக்கடி வரும். அது எக்ஸ் சாளர அமைப்பின் வழியாகப் பின்னொளியைக் கேட்கிறது. இன்று பல கணினிகளில் இயல்பாக இருக்கும் மோட்செட்டிங் என்ற பொது இயக்கி அந்த வசதியைத் தருவதில்லை. ஆகவே பின்னொளிப் பண்பு கொண்ட வெளியீடு எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்தால், விளக்கு பழுது என்று அஞ்ச வேண்டாம்; கருவியை மாற்றினால் போதும்.

எக்ஸ்ராண்டர் செய்வது வேறு

தேடுபொறியில் தேடினால் முதலில் கண்ணில் படும் விடைகளில் ஒன்று எக்ஸ்ராண்டர். அவுட்புட் என்ற தேர்வில் திரையின் பெயரையும் பிரைட்நெஸ் என்ற தேர்வில் 0.5 என்ற மதிப்பையும் கொடுத்தால் திரை மங்கிவிடும். சூடோவும் தேவையில்லை, எண்ணைக் கணக்கிடவும் தேவையில்லை. அதனால் இதுவே எளிய வழி என்று பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் இது பின்னொளியைத் தொடுவதே இல்லை. வரைகலை அட்டை திரைக்கு அனுப்பும் ஒவ்வொரு நிறத்தின் மதிப்பையும் பாதியாக்கி அனுப்புகிறது. வெள்ளை சாம்பலாகிறது, சாம்பல் கருமையாகிறது. விளக்கின் திரியை இறக்குவதற்கும், முழு ஒளியில் எரியும் விளக்கின் மேல் துணியைப் போர்த்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இதன் விளைவுகள் சாதாரணமானவை அல்ல. விளக்கு முழு அளவில் எரிந்துகொண்டிருப்பதால் மின்கலத்தில் எதுவும் மிச்சமாவதில்லை. படத்தின் கருமையான பகுதிகளில் உள்ள நுணுக்கங்கள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடுகின்றன. கறுப்புப் பகுதிகளில் பின்னாலிருந்து கசியும் ஒளி அப்படியே இருக்க, வெள்ளை மட்டும் மங்குவதால் மாறுபாடு குறைகிறது. 1ஐவிடப் பெரிய மதிப்பைக் கொடுத்தால் திரை பிரகாசமாவதுபோல் தோன்றும். உண்மையில் வெளிர் நிறங்கள் எல்லாம் ஒரே வெள்ளையாக வெளுத்துப் போகின்றன. எக்ஸ் சாளர அமைப்புக்கு மாற்றாக வந்த வேலேண்ட் அமர்வுகளில் இந்தக் கட்டளை திரையை மாற்றுவதும் இல்லை. பின்னொளி மிகக் குறைந்த அளவுக்கு வந்த பிறகும் இருட்டறையில் கண் கூசுகிறது என்றால், அதற்கு மேல் மங்கவைக்க இதைப் பயன்படுத்துவதில் நியாயம் உண்டு. மற்ற நேரங்களில் இதைத் தவிர்ப்பதே நல்லது. திரை மங்கியது விளக்காலா, போர்வையாலா என்ற ஐயம் எழுந்தால் ஆக்சுவல் பிரைட்நெஸ் கோப்பைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எக்ஸ்ராண்டர் கட்டளைக்கு முன்னும் பின்னும் அந்த எண் அசையாமல் இருக்கும்.

இரண்டு அடைவுகள் இருந்தால், ஒன்றும் இல்லாவிட்டால்

பேக்லைட் அடைவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் தென்படலாம். இன்டெல் பேக்லைட்டுடன் ஏசிபிஐ வீடியோ 0 என்ற பெயரும் இருக்கும். இரண்டு வரைகலை அட்டைகள் கொண்ட கணினியில் என்விடியாவின் பெயரும் சேர்ந்திருக்கும். ஒரே விளக்கை அடைய உள்ள வெவ்வேறு பாதைகள் இவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் இருக்கும் டைப் என்ற கோப்பைப் படித்தால் அது எவ்வகைப் பாதை என்று தெரியும். ரா என்றால் வரைகலைச் சில்லின் பதிவேடுகளோடு கெர்னல் நேராகப் பேசுகிறது. ஃபர்ம்வேர் என்றால் கணினியின் தாய்ப்பலகையில் தயாரிப்பாளர் எழுதிவைத்த ஏசிபிஐ நிரலைக் கூப்பிட்டு அதன் மூலம் கேட்கிறது. பிளாட்ஃபார்ம் என்றால் குறிப்பிட்ட தயாரிப்பாளரின் கணினிகளுக்கென எழுதப்பட்ட இயக்கியின் வழியாகச் செல்கிறது.

இவற்றில் ஒன்றில் எழுதினால் திரை மாறும், மற்றொன்றில் எழுதினால் எண் மட்டும் மாறித் திரை அப்படியே இருக்கும். சூரியன் விசையை அழுத்தும்போது திரையில் பட்டை நகர்ந்தும் வெளிச்சம் மாறாத கணினிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மேசைச்சூழல் உயிரற்ற பாதையில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு அடைவிலும் டீ கட்டளையால் எழுதிப் பார்த்து, உயிருள்ளது எது என்று கண்டுபிடித்த பிறகு, கெர்னல் தொடக்க வரியில் ஏசிபிஐ பேக்லைட் என்ற அளபுருவுக்கு நேட்டிவ், வீடியோ, வெண்டர் ஆகிய மதிப்புகளில் பொருத்தமானதைக் கொடுத்து, வேலை செய்யும் பாதையை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு சொல்லலாம். அடைவு முழுவதும் காலியாக இருந்தாலும் முதலில் முயல வேண்டியது இந்த அளபுருவே. வரைகலை இயக்கி சரியாக ஏறவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஓஎல்இடி திரைகளில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளி என்று தனியாக எதுவும் இல்லை. ஆயினும் அவற்றின் வெளிச்சத்தையும் கெர்னல் இதே அடைவின் வழியாகவே காட்டுகிறது. பெயர் மட்டும் பழைய பெயராகவே நிற்கிறது. மேசைமேல் தனியாக வைத்து இணைக்கும் வெளித்திரைகள் இந்த அடைவில் பொதுவாக வருவதில்லை, ஏனெனில் அவற்றின் விளக்கு மடிக்கணினியின் கட்டுப்பாட்டில் இல்லை. அவற்றோடு டிடிசி சிஐ என்ற நெறிமுறை வழியாக இணைப்புக் கம்பியிலேயே பேச வேண்டும். டிடிசியூட்டில் என்ற கருவி அதைச் செய்கிறது. அதன் செட்விசிபி கட்டளைக்கு 10, 50 என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் வெளித்திரை 50க்கு வரும். இதில் முதலில் வரும் 10 வெளிச்சத்தின் அளவைக் குறிப்பதில்லை. வெளிச்சம் என்ற பண்புக்கு அந்த நெறிமுறை தந்துள்ள பதினறும எண் அது, மாறுபாட்டுக்கு 12.

மறுதொடக்கத்துக்குப் பிறகு

கோப்பில் எழுதிய எண் வட்டில் இல்லை என்றால், கணினியை அணைத்துப் போட்ட பிறகும் பழைய வெளிச்சமே திரும்பி வருவது எப்படி? சிஸ்டம்டியின் பேக்லைட் சேவை, கணினி அணையும்போது அந்த எண்ணைப் படித்து வட்டில் எழுதிவைத்துக்கொண்டு, மறுபடி தொடங்கும்போது எடுத்து அதே கோப்பில் எழுதுகிறது. அதில் ஒரு நல்ல முன்னெச்சரிக்கையும் உண்டு: எழுதிவைத்த எண் மிகக் குறைவாக இருந்தால், உச்சத்தில் 5 சதவீதத்துக்குக் குறையாதபடி உயர்த்தியே திரும்ப எழுதும். 0 எழுதிவிட்டுக் கணினியை அணைத்தவர் மறுநாள் இருண்ட திரையோடு போராட வேண்டியிருக்காது.

விளக்கை முழுவதுமாக அணைக்க 0 நம்பத்தக்க வழி அன்று என்று முன்பே பார்த்தோம். அதற்கு பிஎல் பவர் என்ற கோப்பு இருக்கிறது; அதில் 4 எழுதினால் பின்னொளி அணையும், 0 எழுதினால் எரியும். எண்களின் திசை தலைகீழாக இருப்பதைக் கவனிக்கவும். பழைய மடிக்கணினியை மூலையில் வைத்து நாள் முழுவதும் ஓடும் சேவையகமாகப் பயன்படுத்துபவர்களுக்கு இது மிகவும் உதவும்: எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினியிலிருந்து உள்நுழைந்து 4 எழுதிவிட்டால், சேவையகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், திரை வீணாக எரியாது. இரவில் வெளிச்சம் தானாகக் குறைய வேண்டுமானால், டீ கட்டளை உள்ள வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் சேவைக்கான ரூட் பயனரின் அட்டவணையில், கோப்பின் முழுப் பாதையோடும் சூடோ இல்லாமலும் எழுதிவைத்தால் போதும்.

விண்டோஸில் இப்படிக் கோப்பு எதுவும் கிடையாது. பவர்ஷெல் சாளரத்திலிருந்து டபிள்யூஎம்ஐ என்ற நிர்வாக இடைமுகத்தை அணுகி, ரூட் டபிள்யூஎம்ஐ என்ற பெயர்வெளியில் உள்ள டபிள்யூஎம்ஐ மானிட்டர் பிரைட்நெஸ் மெத்தட்ஸ் என்ற வகுப்பின் டபிள்யூஎம்ஐ செட் பிரைட்நெஸ் என்ற செயல்முறையைக் கூப்பிட வேண்டும். அதற்கு இரண்டு மதிப்புகள் தரப்பட வேண்டும். முதலாவது காலக்கெடு நொடிகளில், இரண்டாவது வெளிச்சம் சதவீதத்தில். அங்கே உச்ச எண்ணைத் தேடும் தொல்லை இல்லை, சதவீதமாகவே கொடுத்துவிடலாம்; வெளித்திரைகளுக்கு அங்கும் இது பொதுவாக எடுபடாது. மேக் கணினிகளில் இதற்கென உள்ளமைந்த கட்டளை இல்லை. ஹோம்ப்ரூ என்ற மென்பொருள் நிறுவி வழியாகக் கிடைக்கும் பிரைட்நெஸ் என்ற தனிக் கருவியை நிறுவி, 0 முதல் 1 வரையிலான தசம எண்ணாக அளவைத் தர வேண்டும்.